கரண்ட் போன நேரத்துப் பாட்டுக் கம்பெனி

எங்கள் மாமா நடத்திய கேசட் கம்பெனியின் வரலாற்றை எழுத வேண்டும் என்று போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். பழைய கேசட்டுகளைத் தேடிச் சேர்ப்பது அவனுக்கு வேலையா பொழுதுபோக்கா என்று நான் கேட்கவில்லை. மாமாவுக்கு எழுபது நெருங்குகிறது. மீசைக்கு மை தீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒலிப்பதிவெல்லாம் எங்கே நடந்தது என்று பையன் கேட்டான். "சொந்த ஸ்டுடியோங்க, முழுக்க ஏசி" என்றார், கண் இமைக்காமல். காபியோடு வந்துகொண்டிருந்த நான் அப்படியே சமையல்கட்டுக்குத் திரும்பிவிட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி டம்ளரைப் பிடிப்பது கஷ்டம்.

அந்த ஏசி ஸ்டுடியோவில் நான் ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை பாடியிருக்கிறேன். கம்பெனியின் நட்சத்திரப் பாடகியே நான்தான். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆகவே உண்மை வரலாற்றையும் நான் சொல்வதுதான் முறை.

எங்கள் ஊர் பள்ளிபாளையம். காவிரிக்கு அந்தக் கரையில் ஈரோடு, இந்தக் கரையில் நாங்கள். எங்கள் தெருவில் நாற்பது வீடு என்றால் முப்பத்தைந்து வீட்டில் விசைத்தறி ஓடும். பகலில் பக்கத்தில் நிற்பவரிடம் உப்பு வேண்டும் என்று சொல்வதற்கே தொண்டையைத் திறக்க வேண்டும். நாங்கள் போனில் பேசுவதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். சண்டையெல்லாம் இல்லை, தறிப் பழக்கம். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்குப் பாட்டு கேசட் கம்பெனி ஆரம்பிக்கத் தோன்றியது என்றால் அவருக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்க வேண்டும். மாமாவுக்கு இருந்தது.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. கல்யாணத்துக்கும் கோயில் பண்டிகைக்கும் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். ஊர் ஊராகப் போய் அடுத்தவர்களின் கேசட்டைப் போட்டுப் போட்டு அலுத்துப்போய், நம்முடைய மாரியம்மனுக்கு நாமே பாட்டுப் போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

முதல் கேசட்டை ஆற்றங்கரையில் பதிவு செய்தார்கள். தறிச் சத்தம் அவ்வளவு தூரம் வராது என்பது மாமாவின் கணக்கு. தறிச் சத்தம் வரவில்லைதான். துணி துவைக்கிற சத்தம் வந்தது, பாலத்தின்மேல் போகிற பஸ்ஸின் ஹாரன் வந்தது. இன்றைக்கும் அந்தக் கேசட்டில் அம்மன் சிங்கத்தின்மேல் ஏறுகிற இடத்தில் ஈரோடு பஸ் ஒன்று பாலம் ஏறுவதைக் கேட்கலாம். இரண்டாவது கேசட்டுக்கு ஆர்மோனியம், பம்பை, மைக் எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஆத்தூர் போனார்கள். அங்கே தெரிந்தவர் ஒருவரின் அரிசி ஆலைக்கு லீவு நாள். ஆலை அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் நெல் பொறுக்க வந்த குருவிகளுக்கு லீவு என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கேசட் முழுக்கக் குருவிகள் பாடுகின்றன, இடையிடையே நாங்களும்.

மூன்றாவது கேசட்டுக்குத்தான் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்த நூல் குடோன் கிடைத்தது. அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி மாமா வாங்கிக்கொண்டார். கழிவுப் பஞ்சைச் சாக்குகளில் அடைத்துச் சுவரோடு அடுக்கினார். ஜன்னலுக்குப் பழைய மெத்தை, கதவுக்கு இரண்டு ஜமுக்காளம். அப்படியும் தறிச் சத்தம் தரை வழியாக வந்து மைக் காலில் ஏறியது. எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. தெருவே ஒரு நொடியில் வாயை மூடிக்கொண்டது. எங்கோ ஒரு குழந்தை தும்மியது இங்கே கேட்டது. மாமா எழுந்து நின்று, இதுதான் நேரம் என்றார்.

அன்றிலிருந்து அதுதான் கம்பெனியின் சட்டம். கரண்ட் போனால் ஒலிப்பதிவு, கரண்ட் வந்தால் ஓய்வு. சங்ககிரியில் ஒரு லாரிக்காரரிடம் பழைய லாரி பேட்டரி ஒன்றை வாங்கி வந்து ரெக்கார்டரையும் மைக்கையும் அதில் ஓட்டினார். ஊரே கரண்டை நிறுத்துகிறவர்களைத் திட்டும் நேரத்தில் மாமா தலை சீவிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வருவார். பம்பைக்காரர் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வருவார். அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு வருவாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தால் வாத்தியாரிடம் சொல்லி என்னை அழைத்துவர ஆள் வரும். வகுப்பில் மின்விசிறி நின்றால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துத் தயாராகிவிடுவேன்.

ஒலிப்பதிவு வரலாற்றை மாமா ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். அதில் ராகம் தாளம் ஒன்றும் இருக்காது. "காலை 10.05 போனது. 11.50 வந்தது. இரண்டு பாட்டு. இரண்டாவதில் குக்கர் விசில்" என்று இருக்கும். ஒருமுறை பாட்டின் கடைசி வரியில் கரண்ட் வந்து பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பித்துவிட்டது. பம்பைக்காரர் சமயோசிதமாகத் தறியின் தாளத்துக்கே பம்பையை மாற்றி அடித்துச் சமாளித்தார். அந்தப் பாட்டுதான் நன்றாக விற்றது. அது என்ன புதுக் கருவி என்று ராசிபுரம் கடைக்காரர் கேட்டு எழுதினாராம்.

கேசட் அட்டையில் என் படம் இருக்கும். ரெட்டைச் சடை, நெற்றியில் பெரிய பொட்டு, கையில் வேப்பிலை. "பேபி" என்ற பட்டத்தோடு என் பெயர் பெரிய எழுத்தில். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "மற்றும் குழுவினர்". குழுவினர் என்பது என் அம்மா. வேறு யாரும் கிடையாது.

குழந்தைக் குரல் என்றால்தான் கேசட் நகர்கிறது என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். மாமா கடைக்காரர் சொல்லைத் தட்டமாட்டார். மெட்டுப் போடுவது அம்மா, எனக்குச் சொல்லிக்கொடுப்பது அம்மா, நான் மூச்சு விடுகிற இடத்தில் அது தெரியாமல் பின்பாட்டில் இழுத்துப் பிடிப்பது அம்மா. ஆனாலும் எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரிந்ததில்லை. சோறு போடுவது மாதிரி, தலை பின்னிவிடுவது மாதிரி அதுவும் ஒன்று. பாடுகிறவள் நான். அம்மா என் கூட இருப்பவள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அம்மாவின் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு போகிறது, குரல் போனாலும் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். இதில் முதல் பாதியைத்தான் எனக்குச் சொன்னார்கள். அம்மா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருப்பாள், அதுவரை அத்தை வந்து சமைப்பாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அத்தை முட்டைப் பொரியல் நன்றாகச் செய்வாள் என்பதால் எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை நாள் குறித்திருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை மாதாந்திர மின் தடை. கம்பம் பார்க்கிறோம், கம்பி பார்க்கிறோம் என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை ஊர் முழுக்கக் கரண்ட் இருக்காது. எங்கள் கம்பெனிக்கு அது தீபாவளி. மாரியம்மன் பண்டிகை தொடங்குகிற பூச்சாட்டுக்கு முன்னால் கேசட் கடைக்குப் போய்விட வேண்டும் என்பதால் ஐந்து பாட்டையும் அந்த ஒரே நாளில் முடிக்கத் திட்டம். அட்டைகூட முன்கூட்டியே சிவகாசியில் அச்சாகி வந்துவிட்டது, என் படத்தோடு.

ஐந்தாவது பாட்டு நீளமானது. பூச்சாட்டு, கோயில் முன்னால் கம்பம் நடுவது, பூவோடு என்கிற தீச்சட்டி எடுப்பது என்று பண்டிகை முழுவதையும் சொல்லிக்கொண்டு போய், எட்டாவது சரணத்தில் மாரியம்மனிடம் வரம் கேட்டு முடியும். இரண்டு மாதமாக அம்மா எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்து, தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுகிற அளவுக்கு எனக்கு மனப்பாடம். வியாழக்கிழமை சாயங்காலம் மாமா வந்திருந்தபோது அம்மா அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இந்த ஒரு பாட்ட மட்டும் நான் பாடறேன் தம்பி."

மாமா, நூல் பெட்டிமேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். கடைக்காரர்கள் பாப்பா குரலைத்தான் கேட்கிறார்கள் என்று இழுத்தார். பிறகு அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ஏழு சரணம் அம்மா பாடட்டும், வரம் கேட்கிற எட்டாவது சரணத்தைப் பாப்பா பாடட்டும், அப்போது அட்டையில் போட்டிருப்பதும் பொய்யாகாது. அம்மா சரி என்று தலையாட்டினாள்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. எட்டில் ஏழைப் பிடுங்கிக்கொண்டு ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் யார்? பாடகியான என்னிடமிருந்து, குழுவினர். அன்று ராத்திரி முழுக்க அம்மாவிடம் பேசவில்லை. அவள் ஊட்டிவிட வந்தபோது நானே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று தட்டைப் பிடுங்கினேன். அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை கரண்ட் சரியாக ஒன்பது மணிக்குப் போனது. முதல் நான்கு பாட்டும் எனக்கு. பிரமாதமாகப் பாடினேன். கோபம் இருந்தாலும் தொழிலில் குறை வைக்கக் கூடாது என்பது அப்போதே எனக்குத் தெரியும். பம்பைக்காரர்கூட, பாப்பாவுக்கு இன்றைக்கு அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார். ஒரு மணிக்கு நான்கும் முடிந்தன. சாப்பிட்டுவிட்டு, அம்மா கொஞ்சம் வெந்நீர் குடித்துவிட்டு, நிதானமாக ஐந்தாவது பாட்டுக்கு வரலாம், ஐந்து மணிவரை நேரம் கிடக்கிறது என்றார் மாமா.

இரண்டரை மணிக்குக் கரண்ட் வந்துவிட்டது.

சொன்ன நேரத்துக்குப் பின்னால் கரண்ட் வருவது எங்கள் ஊரில் சகஜம். சொன்ன நேரத்துக்கு முன்னால் அது வந்ததாக மாமாவின் நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. முதலில் ஓடியது எங்கள் அப்பாவின் தறிதான். வீட்டு முன்பக்கம் நான்கு தறி அவருக்கு. கரண்ட் வந்த மறு நொடி அவர் கை சுவிட்சில் இருக்கும். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு, மேற்கே, கிழக்கே. மாமா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மின் தடை அடுத்த மாதம். ஆபரேஷன் நாளை மறுநாள். பம்பைக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார், அக்கா உடம்பு தேறி வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அம்மா எழுந்து முன்பக்கம் போனாள். தறிக்குப் பக்கத்தில் நின்று அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அந்தச் சத்தத்தில் என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்டிருக்காது. அப்பாவுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பாட்டு என்றால் ஆகாது. மாமாவின் கம்பெனியை அவர் கம்பெனி என்றே சொல்லமாட்டார், கூத்து என்பார். யாரிடமும் போய் எதையும் கேட்கிற சுபாவமும் இல்லை. கடன் கேட்பதிருக்கட்டும், பக்கத்து வீட்டில் ஏணி வாங்கிவருவதற்குக்கூட அம்மாவைத்தான் அனுப்புவார். அப்படிப்பட்டவர் தன் நான்கு தறியையும் நிறுத்திவிட்டு, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஐந்தரை மணி நேரம் நின்று கிடந்த தறிக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது. அதை நிறுத்தச் சொல்வது, இலையில் சோறு விழுந்த பிறகு எழுந்திரு என்று சொல்வது மாதிரி. பாதியில் நிறுத்தி ஓட்டினால் துணியில் குறுக்கே கோடு மாதிரிப் பட்டை வேறு விழும். அப்பா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே வாக்கியத்தைச் சொன்னாராம். எதிர் வீட்டு அக்கா பிற்பாடு அதை அவர் குரலிலேயே சொல்லிக்காட்டியிருக்கிறாள்.

"அவ ஒரு பாட்டுப் பாடோணுங்க. அது முடியறவரைக்கும் தறிய நிறுத்தோணுங்க."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். ஆபரேஷனில் குரல் போகலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வழக்கமாகக் கரண்ட் போனால் எல்லாம் ஒரே வெட்டாக நிற்கும். அன்றைக்குக் கிழக்கிலிருந்து மேற்காக, வீடு வீடாக அமைதி நடந்து வந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். மறுபடியும் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டேன். "ஆமா சாமி, போயிருச்சு, வா" என்றார். எதிர் வீட்டு டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை மட்டும் குறைத்துவைத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லாத ஊரில் டிவி எப்படி ஓடும் என்று வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற எனக்குத் தோன்றவே இல்லை. எட்டாவது சரணத்தை நான் பாட வேண்டும் என்பதற்காக மாரியம்மனே கரண்டைப் பிடுங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் பிடுங்கியிருந்தாலும் நான் பாடப்போவதில்லை என்று அதற்குள் முடிவு செய்திருந்தேன்.

குடோனில் ஒரே மைக்தான். அம்மா அதன் முன்னால் நின்றாள். எனக்கு உயரம் போதாது என்பதால் பக்கத்தில் நூல் பெட்டியைப் போட்டு அதன்மேல் என்னை ஏற்றிவிட்டார்கள். என் முறை வரும்போது அம்மா தோளைத் தொடுவாள், நான் மைக்குக்கு முன்னால் குனிய வேண்டும். ஒரே ஒரு முறைதான், திருப்பி எடுக்க முடியாது, தெரு காத்திருக்கிறது என்று மாமா சொன்னார். தெரு ஏன் காத்திருக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா பாடினாள்.

அவள் பாடி நான் கேட்காத நாள் கிடையாது. ஆனால் எனக்காக அடக்கி, எனக்குப் பின்னால் நின்று பாடுகிற குரல்தான் எனக்குத் தெரியும். அந்தக் குரலுக்கு இவ்வளவு அகலம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். கம்பம் நடுகிற சரணத்தில் பம்பைக்காரர் வாசிப்பதை மறந்து ஒரு தட்டை விட்டுவிட்டார். பூவோடு எடுக்கிற சரணத்தில் மாமா ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெறும் காதால் கேட்டார். ஒலிப்பதிவாளர் செய்யக் கூடாத காரியம் அது. எனக்கும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது. இவ்வளவு நன்றாகப் பாடத் தெரிந்தவள் இத்தனை நாள் என்னைப் பாடவிட்டு ஏமாற்றியிருக்கிறாள் என்று பட்டது. நியாயம் அநியாயம் பார்க்கிற வயதில்லை அது.

ஏழாவது சரணம் முடிந்தது. அம்மா என் தோளைத் தொட்டாள்.

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பம்பைக்காரர் எனக்கு இடம் கொடுத்து ஒரு சுற்று வாசித்தார். மறந்துவிட்டேனோ என்று இன்னொரு சுற்று வாசித்தார். மாமா கண்ணாலும் கையாலும் தலையாலும் பாடு பாடு என்றார். நான் சுவரில் இருந்த பஞ்சுச் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே முப்பத்தைந்து வீட்டுத் தறி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய அமைதியை என் இரண்டு உதட்டால் நான் பிடித்து நிறுத்தியிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் மைக் பக்கம் திரும்பி எட்டாவது சரணத்தை அவளே எடுத்தாள்.

கேட்ட வரம் தந்தவளே, மாரி, கேக்காத வரம் ஒண்ணு வச்சிருக்க. அதையும் வாங்கிப் போக வந்தேன், கதவத் தொறந்து வையடி மாரி.

எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அந்தக் கடைசி வரியை ஒரே முறை பாடி நிறுத்தத்தான் சொல்லியிருந்தாள். அன்று அவள் அதை மூன்று முறை பாடினாள். மூன்றாவது முறை மேலே போய், அங்கேயே நின்று, மூச்சு இருக்கிறவரை நின்றாள். அவளை அழவைத்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் மாமா வெளியே ஓடிக் கையைக் காட்டினார். வாசலில் நின்றிருந்த அப்பா தெருவைப் பார்த்துத் துண்டை ஆட்டினார். கிழக்கே ஒரு தறி, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம் ஓடத் தொடங்கின. மாமா திரும்பி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைத் திட்டியதே இல்லை, அன்று திட்டினார். கொழுப்பு என்றார், இனி மைக் பக்கம் வந்தால் காலை ஒடிப்பேன் என்றார். அம்மா அவரைக் கையமர்த்தினாள். "உடு தம்பி. பாட்டு நல்லா முடிஞ்சுது" என்றாள். என்னைப் பெட்டியிலிருந்து தூக்கி இறக்கினாள். பத்து வயதுப் பெண்ணை யாரும் தூக்கி இறக்குவதில்லை. ஒரு அறையாவது விழும் என்று நான் கன்னத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். விழவில்லை. பசிக்கிறதா என்று கேட்டாள். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. கட்டி போய்விட்டது, உயிருக்கு ஒன்றும் இல்லை. குரல் கீழே இறங்கிவிட்டது. இப்போதும் அம்மா நாள் முழுக்கப் பேசுவாள், ஊர் வம்பு அத்தனையும் பேசுவாள். ஆனால் போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். அவளும் சாராகவே பேசிச் சிலிண்டர் பதிவு செய்துவிடுவாள். பாட்டுக்கு மட்டும் அந்தக் குரல் வளையவில்லை.

கேசட் பூச்சாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பண்டிகை பதினைந்து நாளும் கோயில் மைக் செட்டில் ஐந்தாவது பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அட்டையில் என் பெயர்தானே இருக்கிறது. பண்டிகைக் கடைசியில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற அன்று கோயிலில் ஒரு பெண் என்னைப் பிடித்துத் திருஷ்டி கழித்து, இத்தனூண்டு பிள்ளைக்குள் எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று கன்னத்தைக் கிள்ளினாள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். கழுத்தில் கட்டோடு, பேசக் கூடாது என்ற உத்தரவோடு அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. மகளைப் புகழ்ந்ததற்கு மகிழ்கிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு கம்பெனி இன்னும் இரண்டு கேசட் போட்டது, இரண்டும் நகரவில்லை. அதற்குள் எனக்கும் குழந்தைக் குரல் போய்விட்டது.

வாய் மூடி நின்ற அந்த மூன்று சுற்றைப் பற்றி நான் வெகு காலம் யாரிடமும் பேசவில்லை. அம்மாவின் குரல் போகலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்று பதினாறு வயதில் தெரிந்துகொண்டபோது அன்று முழுக்க அழுதேன். கடைசியாகப் பாட வந்தவளின் பாட்டைக் கெடுக்கப் பார்த்த பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கல்யாணமாகி, எனக்கும் ஒரு மகள் பிறந்து, அவளும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வீம்பு பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் கேட்கத் துணிச்சல் வந்தது. அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஏன் என்னை அடிக்கவில்லை என்று கேட்டேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை.

"எதுக்கு கண்ணு அடிக்கோணும்? கடைசிச் சரணத்த உனக்குக் குடுக்கறேன்னு தலையாட்டிப்புட்டு, ரெண்டு நாளா எனக்கு மனசே ஆறல. முழுப்பாட்டும் எனக்கே வேணும்னு இருந்துச்சு. பெத்த புள்ளகிட்ட எப்படிக் கேக்கறது? நீ பாடாம நின்னயா, அத்தன சந்தோசம் எனக்கு. அதான் அழுகையே வந்துருச்சு."

சொல்லிவிட்டு ஒரு மொச்சையை என் மகள் வாயில் போட்டாள்.

அம்மா என்றால் கொடுக்கிறவள் என்று மட்டும்தான் பத்து வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும் ஒன்று முழுசாக வேண்டியிருக்கும், அதை மகளுக்குக்கூடப் பங்கு தர மனமில்லாமல் அவள் ஆசைப்படுவாள் என்பது தெரியாது. அவளைத் தண்டிப்பதற்காக நான் மூடிக்கொண்டு நின்ற வாய்தான் அன்றுவரை நான் அவளுக்குக் கொடுத்த ஒரே பொருள்.